தேரியா, குளமா, பொழியா? குழாய் இறக்கும் முன் ஒரு கணக்கு

"சித்தப்பா, ஆறடி பிவிசி குழாய் நாலு வாங்கியாச்சு. எங்கே இறக்கலாம்?"

அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்வி இது. முதுகலை நிலவியல் கடைசி வருடம். ஆறு மாதத்தில் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும், தலைப்பு குமரி மாவட்டத்தின் பழைய சூழல். குழாயைச் சேற்றில் இறக்கிப் பிடுங்கினால் மண் அடுக்குக் கலையாமல் வரும், அதைப் படித்துத்தான் பழைய சூழலை ஊகிக்க வேண்டும். தாலி வாங்கிய பிறகு மாப்பிள்ளை தேடுகிற கதைதான். ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை, இருபது வருடத்துக்கு முன்னால் நானும் குழாயோடுதான் தொடங்கினேன், அது எப்படி முடிந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். பழைய சூழல் என்றால் எவ்வளவு பழசு மக்ளே? பேச்சிப்பாறை அணைக்கு முந்தியா, பாண்டியன் காலமா, பனியுகமா? "எல்லாம்தான்" என்றாள். எல்லாவற்றையும் ஒரே குழியில் சொல்லிவிடுகிற மண் இந்த மாவட்டத்தில் எங்கும் கிடையாது. ஒவ்வொரு இடத்து மண்ணுக்கும் ஒரு கால அளவு உண்டு, அதற்கு மேலே கேட்டால் வாயைத் திறக்காது, கீழே கேட்டால் உளறும். மூன்று விஷயம் பார்க்க வேண்டும். மண் வந்து தங்க ஒரு பள்ளம் இருக்கிறதா, தங்கிய மண்ணைப் பிறகு யாரும் கலைக்கவில்லையா, அது எப்போது தங்கியது என்று சொல்ல உள்ளே ஏதாவது இருக்கிறதா. இதில் எது குறைகிறது என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அவள் மனதில் முதலில் இருந்தது குளம். நியாயம்தான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் நடுக்குளம் வரை கால் நனையாமல் போகலாம், நாஞ்சில் நாட்டில் குளத்துக்கா பஞ்சம்? மழைக்காலத்தில் ஓடிவருகிற தண்ணீர் வயல் மண்ணையும் மலையடிவார மண்ணையும் கொண்டுவந்து குளத்தில் தள்ளுகிறது, தண்ணீர் அமைதியாக நிற்பதால் களிமண் மெல்ல அடியில் இறங்குகிறது, கூடவே காற்றில் வந்த மகரந்தமும் (அன்றைக்கு என்ன செடி வளர்ந்தது என்று சொல்கிற சாட்சி) அடுப்புக்கரித் தூளும் இறங்குகின்றன. படிக்கும்போது பிரமாதமாகத்தான் இருக்கும்.

நானும் இப்படித்தான் நம்பிப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு குளம், பெயர் வேண்டாம். வைகாசியில் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய், குழாயை மரச்சுத்தியலால் அடித்து இறக்கி, மூன்று பேரும் சேர்ந்து தூக்க முடியாமல் தூக்கி, சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரும்பறுக்கும் ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துத் திறந்தால் அருமையான கரும்பழுப்புக் களி, கண்ணுக்குப் பட்டைகூடத் தெரிந்தது. மேலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில், எங்கள் கணக்குப்படி முந்நூறு நானூறு வருடப் பழைய மண்ணில், ஒரு ஷாம்பு பாக்கெட் இருந்தது. விலை ஐம்பது பைசா என்று அச்சு இன்னும் தெளிவாக இருந்தது. தூர் வாரியிருக்கிறார்கள். வாரிய குழியில் அடுத்த மழைக்கு மண் சரிந்து நிரம்பியிருக்கிறது. நாங்கள் பார்த்த பட்டை வரலாறு அல்ல, மண்வெட்டி போன தடம்.

அதனால் குளத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு, அதையும் சேர்த்தே இதைப் படியுங்கள். குளம் என்பது வாருவதற்காகவே வெட்டியது. கரம்பை மண்ணை வயலுக்கு அடிப்பது நம் ஆட்களின் பழைய வழக்கம், வண்டல் எடுக்க அரசே விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளிகளுக்கும் அனுமதி கொடுக்கிறது. விவசாயத்துக்கு நல்லதுதான், நமக்குத்தான் பக்கம் பக்கமாகக் கிழிந்துபோகிறது. வாராத குளமாகவே கிடைத்தாலும், கோடையில் வற்றிக் களி வெடிக்கும்போது அந்த வெடிப்பு கை நுழைகிற அளவுக்கு இறங்கும், மேலே கிடக்கிற இந்த வருட மகரந்தம் அதற்குள் விழுந்து கீழே போய்விடும். போதாக்குறைக்குத் தாமரை. பூவுக்காகத் தாமரை வளர்க்கிற குளங்களில் கிழங்கு ஓடி ஓடிச் சேற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கும், கொடி எடுக்க இறங்குகிறவர் காலும் சும்மா இராது.

ஒரே ஒரு இடம் குளத்தில் எனக்குப் பிடிக்கும். குளத்துக்குள்ளே அல்ல, கரைக்கு அடியில். முதன்முதலில் கரை போட்டபோது அங்கே இருந்த தரை, அதன் புல் வேர், கரித்துண்டு எல்லாம் கரை மண்ணுக்கு அடியில் மூடிக் கிடக்கும். அந்தக் கரித்துண்டின் வயது தெரிந்தால் குளம் அதற்குப் பிறகுதான் வந்தது என்று சொல்லலாம், குளம் வருவதற்கு முன் அந்த இடம் காடா மேடா என்றும் கேட்கலாம். ஆனால் கரையைத் தோண்ட யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மடை பழுது பார்க்கக் கரையை வெட்டுகிற நாளில் அங்கே போய் நிற்க முடிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆறு மாத ஆய்வை அந்த அதிர்ஷ்டத்தை நம்பி வைக்க முடியாது.

சரி, தேரி. முட்டம் பக்கம் செம்மண் மேட்டைப் பார்க்காத குமரிக்காரர் இருக்கமாட்டார். சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்க வருகிற அதே இடம்தான். அதன் பெரிய உறவுக்காரர்கள் கிழக்கே இருக்கிறார்கள், திசையன்விளை, குதிரைமொழி என்று மைல்கணக்கில் விரிந்து கிடக்கும் தேரிகள். பார்க்கச் செம்மண் மாதிரி இருந்தாலும் இது உள்ளூர்ப் பாறை அங்கேயே மட்கி உண்டான மண் இல்லை, பெரும்பாலும் காற்று அள்ளிக் கொண்டுவந்து குவித்த மணல். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் கை சிவக்கும். அதே மணலை நீர்த்த அமிலத்தில் போட்டு அலசினால் சிவப்பு கழன்று, உள்ளே கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணி வரும். சிவப்பெல்லாம் மேல்பூச்சுதான். கார்னெட், இல்மனைட் போன்ற இரும்புள்ள கனிமங்கள் மழையில் மட்கி இரும்பை விட, வெயிலில் அது ஹேமடைட் ஆகி மணிமேல் படிந்தது. ஆக இந்த மேடு இரண்டு காலத்தைச் சேர்த்துச் சொல்கிறது. காற்று பலமாக அடித்து மணல் குவிந்த ஒரு காலம், பிறகு மேடு நகராமல் நின்று, மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டுச் சிவந்த இன்னொரு காலம்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் விஷயம் பெரிதாகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால், பனியுகத்தின் உச்சத்தில், உலகம் முழுக்கக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நம் மீனவர்கள் மீனுக்குப் போகிற வாட்ஜ் பேங்க் என்கிற கடலடி மேட்டின் பெரும்பகுதி அன்றைக்குத் தரை. முட்டத்தில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரிந்திருக்காது. அப்படி வெளியே கிடந்த கடலடி மணலும் ஆற்று மணலும் காற்றுக்குத் தீனியாக இருந்திருக்கும். (இதைச் சொன்னவுடன் குமரிக்கண்டம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கரையோரத் தாழ்நிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல முழுகியது உண்மை. கண்டம் ஒன்று முழுகியதற்குக் கடலடியில் சான்று இல்லை. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் முதலாவதே போதுமான அதிசயம்.)

தேரியின் பலம் வயது. திருநெல்வேலித் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956-இல் தொல்லியல் ஆய்வாளர்கள் ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் எழுதியபோது, பழைய கடல்மட்டத்தோடு பொருத்தித்தான் காலத்தை ஊகிக்க முடிந்தது. இன்றைக்கு ஒளிர்வு முறை இருக்கிறது. ஒரு மணல்மணி கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்று கேட்கிற முறை. வெயிலில் கிடக்கும்போது மணிக்குள் சேர்ந்த ஆற்றல் அழிந்துபோகிறது, மேலே மணல் மூடிய நாளிலிருந்து சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிர்வீச்சு மறுபடி அதைச் சேர்க்கிறது, சேர்ந்ததை அளந்து வருடத்துக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால் வயது. காற்றில் பறந்து வந்த மணலுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் பறக்கும்போதே நன்றாக வெயில் பட்டுவிடும்.

ஆனால் குமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு கொக்கி இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் நம் கரையிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். மோனசைட் என்றால் கதிர்வீச்சுள்ள தோரியம். தோரியம் கூடக் கிடந்தால் வருடத்துக்குச் சேரும் ஆற்றல் வேகமாகச் சேரும். சராசரிக் கணக்கு ஒன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டு வகுத்தால் வயது தாறுமாறாகப் போகும். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்து மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் தனியாக அளந்தாக வேண்டும், மணல் எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதும் வேண்டும். இதை ஒரு மாணவி தனியாகச் செய்ய முடியாது. அகமதாபாத்திலோ டேராடூனிலோ உள்ள ஆய்வகம் கூட நிற்க வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை, தேரி வயதைச் சொல்லும், ஆனால் அந்த வயதில் என்ன வளர்ந்தது என்று சொல்லாது. காற்றோட்டமான, வெயில் காய்கிற மணலில் மகரந்தம் அழிந்துவிடும். புல்லின் உடம்பில் இருக்கிற சிலிக்கத் துகள்கள் மட்டும் தப்பலாம், அவையும் மழை நீரோடு கீழே இறங்கியிருக்கும். வெட்டுச்சுவரைப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு, எங்காவது ஒரு கறுத்த பட்டை தெரிந்தால் காற்று ஓய்ந்து செடி முளைத்த ஒரு இடைவெளி என்று கொள்ளலாம், அவ்வளவுதான். ஓவியம் மாதிரி அழகான இடம், பேச்சு மட்டும் குறைவு.

மூன்றாவது மணக்குடி. என் மனம் முதலிலிருந்தே இங்கேதான் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

சுருளகோடு பக்கம் தொடங்குகிற பழையாறு நாகர்கோவில், சுசீந்திரம் வழியாக வந்து மேல மணக்குடிக்கும் கீழ மணக்குடிக்கும் நடுவே கடலில் சேர்கிறது. கோடையில் அலை மணலைக் குவித்துப் பொழிமுகத்தை, அதாவது ஆறு கடலில் சேரும் வாயை, மூடிவிடும், மழைக்காலத்தில் ஆறு உடைத்துக்கொண்டு போகும், சில வருடம் ஆட்கள் வெட்டிவிட வேண்டியிருக்கும். உள்ளே அமைதியான சேற்றுப் பரப்பு, அதன் பிறகு உப்பளம், அதற்கு மேலே வயல். கடல் ஏறி வந்தபோது பழையாற்றின் வாய்ப்பள்ளம் முழுகி, பிறகு சேற்றால் நிரம்பிய இடம் இது. பள்ளம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. கலைப்பு குறைவா என்றால் நண்டு உண்டு, ஆனால் மண்வெட்டி இல்லை. தேதி சொல்ல ஏதாவது உண்டா என்றால் இலை, விதை, சிப்பி, எல்லாம் உண்டு.

அந்தச் சேற்றில் குழாய் இறக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். மேல் ஒரு சாண் கூழ் மாதிரி, கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கும், சுத்தியல்கூட வேண்டாம், இரண்டு பேர் தொங்கினால் போதும். பிடுங்கும் முன் மேல்வாயில் தண்ணீர் ஊற்றி இறுக்கமாக மூடிவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் வெறும் குழாயோடு பின்னால் விழுவீர்கள், சேறு சிரித்துக்கொண்டு அங்கேயே இருக்கும். திறந்தவுடன் அழுகிய முட்டை வாடை. மூக்கைப் பொத்தாதீர்கள், அதுதான் நல்ல செய்தி. ஆக்சிஜன் இல்லாத சேற்றில்தான் அந்த வாயு உண்டாகும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் மகரந்தம் கெடாமல் கிடக்கும். கறுப்பாக வருகிற களி காற்றுப் பட்ட அரைமணி நேரத்தில் சாம்பலும் பழுப்புமாக மாறும், அதனால் திறந்த உடனே படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே படிக்க எவ்வளவோ இருக்கிறது. ஒரு சிட்டிகைச் சேற்றை நுண்சல்லடையில் அலசி உருப்பெருக்கியில் பார்த்தால் ஃபொராமினிஃபெரா என்கிற ஒற்றைச்செல் உயிரிகளின் ஓடு கிடைக்கும். உப்பங்கழியில் வாழ்கிற இனமும் ஆழக்கடல் இனமும் வேறு வேறு. அம்மோனியா என்று ஒரு பேரினம் (அம்மோனியா வாயு இல்லை, பெயர் மட்டும் ஒன்று) முகத்துவாரச் சேற்றில் மிகச் சாதாரணம். ஓடு கூடி வருகிற ஆழத்தில் பொழி திறந்து கடல் உள்ளே வந்திருக்கிறது, ஓடே இல்லாத ஆழத்தில் மூடிக் கிடந்து நன்னீரானது என்று ஒரு முதல் ஊகம் வைக்கலாம். மகரந்தத்தில் புல், மரம், கண்டல் (அலையாத்தி) பங்கைப் பார்க்கலாம். சவுக்கு மகரந்தம் வருகிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கரையில் சவுக்கைப் பெரிய அளவில் நட்டது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், காற்றில் பறக்கிற மகரந்தம் என்பதால் ஏராளமாக விழும். அது முதலில் தலைகாட்டுகிற ஆழம் பைசா செலவில்லாத ஒரு தேதி.

குறையும் சொல்ல வேண்டும். பழையாற்றில் வருகிற தண்ணீர் பழையாற்றுத் தண்ணீர் மட்டும் அல்ல. பாண்டியர் வெட்டியதாகச் சொல்கிற பாண்டியன் காலிலிருந்து 1906-இல் முடிந்த பேச்சிப்பாறைத் திட்டம் வரை, மேற்கே உள்ள ஆறுகளின் தண்ணீர் கால்வாய்களில் திரும்பி நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு வந்து இந்தப் பக்கம் வடிகிறது. ஆகவே சேற்றில் மண் கூடினால் மழை கூடியது என்று அவசரப்பட்டு எழுதிவிட முடியாது, யாரோ ஒரு கால்வாய் வெட்டியிருக்கலாம், யாரோ மலையடிவாரக் காட்டை அழித்திருக்கலாம். மழை என்றாலும் எந்த மழை? ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. சேறு இரண்டையும் கலந்துதான் வைத்திருக்கும்.

கார்பன் தேதி எடுப்பதிலும் ஏமாற இடமுண்டு. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு, அதைக் கொண்டு சுமார் 50,000 ஆண்டு வரை போகலாம். சரி, ஆனால் எதை அனுப்புகிறோம்? மொத்தச் சேற்றை அனுப்பினால் ஆறு எங்கிருந்தோ அரித்துக் கொண்டுவந்த பழைய கார்பனும் சேர்ந்து வயதைக் கூட்டிக் காட்டும். சிப்பியை அனுப்பினால் கடல்நீரின் பழைய கார்பன் காரணமாகச் சில நூறு ஆண்டு கூடவரும், திருத்த வேண்டும். சின்ன இலைத்துண்டோ விதையோதான் உத்தமம், அதற்குச் சல்லடையோடு பொறுமையாக உட்கார வேண்டும். தனியார் ஆய்வகத்தில் ஒரு மாதிரிக்கே பத்தாயிரங்களில் போகும் என்பதால் எதை அனுப்புவது என்பது சின்ன விஷயம் இல்லை. கடைசி நூறு, நூற்றைம்பது ஆண்டுக்கு தானே சிதைந்து குறைகிற ஈயம்-210 அளவைப் பார்த்தால் போதும்.

அப்புறம் அந்த மணல் பட்டை. மணக்குடியில் குழாய் இறக்கினால் சேற்றுக்கு நடுவே வெளிறிய மணல் பட்டை ஏதாவது வராமல் இருக்காது, வந்தவுடன் எல்லாரும் சொல்வது "சுனாமி!" 2004 டிசம்பர் 26-இல் இரண்டு மணக்குடிக்கும் நடுவே இருந்த பாலத்தையே அலை தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாம், அந்த நினைப்பு வருவது இயற்கை. ஆனால் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தது, அதற்கு முன்னால் பெயரில்லாத எத்தனையோ புயலும் கடலேற்றமும் வந்திருக்கும். சுனாமி மணல் என்றால் அடியில் சேற்றை வெட்டிக்கொண்டு வந்த கூர்மையான எல்லை இருக்க வேண்டும், பிய்த்த சேற்றுக்கட்டிகள் மணலுக்குள் கிடக்க வேண்டும், பட்டைக்குள் கீழே பெருமணலும் மேலே சிறுமணலுமாகத் தரம் பிரிந்திருக்க வேண்டும், கடல் ஃபொராமினிஃபெரா இருக்க வேண்டும், கரையிலிருந்து உள்ளே போகப் போகப் பட்டை மெலிந்துகொண்டே வெகுதூரம் போக வேண்டும். புயல் மணலிலும் இதில் பாதி இருக்கும். ஒரே குழாயில் தீர்ப்பு எழுத முடியாது. கரையிலிருந்து உள்நோக்கி ஒரே கோட்டில் மூன்று குழாய் இறக்கி, மூன்றிலும் அதே பட்டை மெலிந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். அவளிடம் நாலு குழாய் இருப்பது இப்போது நல்லதாகப் போயிற்று.

எவ்வளவு காலம் கிடைக்கும்? ஆறடிக் குழாயில் சில நூற்றாண்டு, இடம் வாய்த்தால் ஓரிரு ஆயிரம். பனியுகத்தைத் தொட வேண்டும் என்றால் ஆழ்துளை வண்டி வேண்டும். ஏனென்றால் கடல் இன்றைய மட்டத்தை நெருங்கியதே ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னால்தான், அதற்கு முந்திய ஆற்றுப்பள்ளம் இந்தச் சேற்றுக்கெல்லாம் கீழே கிடக்கும்.

கடற்கரை மணலை ஒரு வரியில் முடிக்கிறேன். ஒவ்வொரு பருவமும் அலை புரட்டுகிற மணலில் வரிசையே இருக்காது, அதோடு மோனசைட் உள்ள மணலை மூட்டை கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினால் ஆய்வுக்குப் பதிலாக விளக்கம் எழுத வேண்டிவரும்.

அவளுடைய பேராசிரியர் நீலகிரி போகலாமே என்று சொன்னாராம். தவறில்லை. அங்கே மலைப்பள்ளங்களில் பீட் எனப்படும் மட்கிய புற்சேறு இருந்த இடத்திலேயே அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது, ஆறு கொண்டுவந்து கொட்டியது இல்லை. 1993-இல் சுகுமார், ரமேஷ் முதலானவர்கள் அந்தச் சேற்றில் கார்பன்-13 அளவைப் பார்த்துத்தான், பனியுக உச்சத்தில் அங்கே வறட்சி தாங்குகிற புல் ஓங்கியிருந்ததையும், பிறகு பருவமழை வலுத்து நிலைமை மாறியதையும் எழுதினார்கள். மரமும் நெல்லும் ஒரு வகையில் கார்பனைப் பிடிக்கின்றன, கம்பு சோளம் போன்ற வெப்பநிலப் புற்கள் இன்னொரு வகையில், அந்த வித்தியாசம் மட்கிய பிறகும் அழியாது. இதே வித்தையை மணக்குடியில் செய்யலாமா என்றால் யோசிக்க வேண்டும், அங்கே கடல் பாசியின் கார்பனும் கலக்கும், அதன் அளவு இரண்டுக்கும் நடுவில் விழும், கடல் வந்ததைப் புல் வந்தது என்று படித்துவிடுவோம். பனியுகம்தான் கேள்வி என்றால் நீலகிரியை மிஞ்ச நம் பக்கம் எதுவும் இல்லை. ஆனால் அது நீலகிரியின் கதை. முக்கடல் சேருமிடத்தில் பிறந்தவள் ஊட்டிக் குளிரில் போய்ப் புல்லைத் தோண்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, இது அறிவியல் காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

ஆக என் கணக்கு இப்படித்தான் நின்றது. கையில் ஒளிர்வு ஆய்வகம் ஒன்றின் உறுதி இருக்கிறது, நேரமும் இருக்கிறது என்றால் முட்டம். நூறு வருடத்துக்குள் நிலப் பயன்பாடு மாறியதைத்தான் பார்க்க வேண்டும், வாராத குளம் என்று ஊர்ப் பெரியவர் நாலு பேர் சத்தியம் செய்கிறார்கள் என்றால் குளம், அப்போதும் ஷாம்பு பாக்கெட்டை மறக்க வேண்டாம். ஆறு மாதம், குறைந்த பணம், ஓர் உருப்பெருக்கி, நாலு குழாய் என்றால் மணக்குடி. கேள்வியையும் சுருக்க வேண்டும். 'பழைய சூழல்' வேண்டாம், 'பொழி எப்போதெல்லாம் மூடிக் கிடந்தது' என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் ஏதாவது ஒரு பதிலோடு நிற்கலாம்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் பறவைகளுக்காக வனத்துறைப் பாதுகாப்பில் இருப்பதால் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லியிருக்கிறார் (சுசீந்திரம், தேரூர் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் வந்துவிட்டன). வலசைப் பறவைகள் வருகிற மாதங்களில் சேற்றில் இறங்க விடமாட்டார்கள், மழைக்காலத்தில் பொழி உடைந்தால் நாமே இறங்கக் கூடாது. மிச்சம் இருப்பது பங்குனியிலிருந்து வைகாசி வரை. கடிதம் இப்போதே போக வேண்டும்.

"அப்போ அதுவரைக்கும் என்ன செய்ய சித்தப்பா?"

வீட்டுக்குப் பின்னால் வாழைக்குழியில் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, குழாய் இறக்கிப் பழகச் சொன்னேன். குழாய்க்கு வெளியே எத்தனை அடி இறங்கியது, உள்ளே மண் எத்தனை அடி நிற்கிறது என்று இரண்டையும் அளந்து எழுத வேண்டும், அமுங்கிய கணக்கு அதில்தான் தெரியும். கூடவே ஒரு தடித்த மார்க்கர் பேனா. குழாய் வெளியே வந்த அந்த நிமிடமே எது மேல் பக்கம் என்று அம்புக்குறி போட்டுவிட வேண்டும். அந்தப் பழைய குளத்துக் குழாயில் நாங்கள் அதைப் போடவில்லை, ஷாம்பு பாக்கெட் கிடைத்தது உண்மையிலேயே மேலிருந்து ஒரு மீட்டரிலா கீழிருந்து ஒரு மீட்டரிலா என்று மூன்று பேரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.